வண்டிக்குத்தான் தடை

ஆவணி 12, புதன்.

பகலில் கடைத்தெருவுக்குள் மாட்டுவண்டி வரக்கூடாதாம், புதுச் சட்டம். குடிபோகும் வீட்டில் பத்தரைக்குள் பால் காய்ச்ச வேண்டும். சாமான் ஏற்றிய எங்கள் வண்டியைத் தெருமுனையிலேயே பொலிஸ்காரன் மறித்துவிட்டான்.

"நாலு மணிக்கு மேல வாங்க, ஆச்சி."

மகன் திரும்பிவிடலாம் என்றான். அவன் அப்பாவும் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் பின்வாங்குவார். நான் ஒன்றையும் மறக்கவில்லை.

"தடை வண்டிக்குத்தானே தம்பி? என் தலைக்கு இல்லையே" என்று உப்புப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மருமகள் விளக்கோடும் மகன் பால்செம்போடும் பின்னால் வந்தார்கள். நேரத்துக்குள் பால் பொங்கிவிட்டது. பிறகு பாய்கூட இல்லாமல் நாலு மணிவரை வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"வெயில்ல நிக்கிற பொலிஸ்காரருக்கும் கொஞ்சம் பால் குடுக்கட்டுமா, அத்தை?" என்றாள் மருமகள்.

"குடு. சீனி போடாத."