செல்வம் அண்ணனின் கால்

ஜூலை 15, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. கடுகண்ணாவையில் செல்வம் அண்ணனின் ஹார்ட்வெயார் கடை வாசலில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியைத்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வாங்கி வருவேன். அதிலிருந்து பிரித்தெடுத்த புரதம் கிருமிகளைக் கொல்கிறது என்று போன மாதம் அவரிடம் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

இன்று போனால், கதிரையில் காலைத் தூக்கி வைத்திருக்கிறார். சீனி வருத்தத்தால் ஆறாத புண். அதன்மேல் அரைத்த கள்ளியை அப்பியிருக்கிறார். கிளினிக்கில் மருந்து கட்டுவதை நிறுத்தி இரண்டு கிழமையாம். கிட்டப் போகவே நாறியது.

"அண்ணே, நாங்க லேப் தட்டுல வளத்த கிருமியிலதான் பாத்தோம். மனுசப் புண்ணுல இல்ல. இன்னைக்கே கிளினிக் போங்க."

சிரித்தார். "மருந்தக் கம்பெனிக்கு விக்கிற வரைக்கும் அப்பிடித்தான் சொல்லுவீங்க மிஸ். நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கைதான் கூடியது. அவர் மனைவியையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்கென்று வெட்டி வைத்திருந்த கள்ளிப் பையை வழக்கம்போல நீட்டினார். நானும் வழக்கம்போல வாங்கிக்கொண்டேன்.

பை மேசையில் இருக்கிறது. இதைப் புண்ணில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதையே பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தவளின் பேச்சை அவர் எப்படி நம்புவார்?