தோல் பட்டையின் உட்புறம்

கோலா சிலாங்கூர்,
மார்ச் 12

அன்புள்ள சுகுமாறா,

பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, வீட்டுக்காரி அகதா சோற்றைக் குறைத்துவிட்டாள். பழம்பொருள் கடையில் வியாபாரம் மந்தம். போனில் பேசினால் மழுப்பிவிடுவேன், அதனால் பேனாவை எடுத்தேன்.

நம் தோட்டத்து நினைவு மண்டபத்தில் வைக்க, அசல்தான் என்று என் சான்று வேண்டும் என்று நீ கேட்ட உங்கள் தாத்தாவின் கத்தியை, உன் தங்கை விமலா ஈஜோக்கிலிருந்து கொண்டுவந்தாள். நான் பிடியைக் கழற்றப் போனதும், "அண்ணே, மெதுவா லா, ஜப்பான்காரன்கிட்ட தாத்தா உசுரக் குடுத்துப் புடுங்குன சாமான்" என்றாள். "உசுரக் குடுத்திருந்தா நீ ஏது தங்கச்சி" என்றேன். சிரித்தாள்.

பழைய இரும்பு பொறுக்கித் தொழிலுக்கு வந்தவன் நான். ஜப்பான் ராணுவக் கத்தி என்று மாதம் ஒன்றாவது வரும், பெரும்பாலும் போலி. அமிலம் ஊற்றி வரவழைத்த துரு மேலோடு நிற்கும். உங்கள் கத்தியில் பிடிக்குள் மறைந்த இரும்பும் கறுத்திருக்கிறது. பிடியிலும் உறையிலும் ஒரே எண். அசல் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் உடனே உனக்கும் மண்டபக் குழுவுக்கும் செய்தி அனுப்பினாள். அது என் அவசரம்.

கத்தியை என்னிடம் விட்டு அவள் போன பிறகுதான் உறைத்தது. மல்லுக்கட்டிப் பிடுங்கினவனுக்குக் கத்தி கிடைக்கும். உறையும், அதை இடுப்பில் மாட்டும் தோல் பட்டையும் சேர்ந்து எப்படிக் கிடைக்கும்? சண்டை முடிந்து ஜப்பான்காரர்கள் விட்டுப்போனதை எடுத்திருப்பார் என்று உங்கள் தாத்தாவுக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பிறகு பட்டையைத் திருப்பினேன். உட்புறத்தில் கம்பியைக் காய்ச்சி எழுதியிருக்கிறது: அழகேசன், 2603.

பெயர் உங்கள் தாத்தாவுடையது; 2603 ஜப்பான்காரன் ஆண்டு. நம் கணக்கில் 1943. எழுத்துக்குள் பழைய அழுக்கு இறுகிக் கிடக்கிறது, பின்னால் எழுதியதில்லை. பிடுங்கிய சாமானில் எவனும் அவர்கள் ஆண்ட காலத்திலேயே தன் பெயரைச் சுட்டு எழுதமாட்டான். கொடுத்ததை வாங்கினவன்தான் எழுதுவான்.

அந்த வருஷம்தான் நம் லயத்து வீடுகளிலிருந்து பதினொரு பேர் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு லோரி ஏறினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பெயர் வாசித்தது ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த உங்கள் தாத்தா. ஆறாவது பெயர் சவரிமுத்து, என் தாத்தா. அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. சாகும்வரை அவர் உங்கள் தாத்தாவைக் குறை சொல்லவில்லை. "ஜப்பான்காரன் வாசிக்கச் சொன்னான், வாசிச்சாரு. அப்புறம் அவனை அடிச்சிக் கத்தியப் புடுங்குனாருல்ல? நமக்காக அவராச்சும் செஞ்சாருடா" என்பார்.

முதலில் சொன்னதை மாற்றி, போலி என்று எழுதிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அசலைப் போலி என்று சொல்லி விலை குறைத்து வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. இந்த ஒன்றில் மனசு வரவில்லை.

சான்று இத்துடன் இருக்கிறது. கத்தி அசல், உறை அசல், எழுத்தும் அசல். விமலாவிடம் பட்டையைத் திருப்பிக் காட்டவில்லை. குழுவிடமும் பேசவில்லை. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். அடுத்த மாதம் பதினொரு பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் இந்தக் கத்தியை வைக்கப் போகிறார்களாம். அங்கே மட்டும் வேண்டாம், சுகுமாறா. உன் வீட்டில் வை, ஆற்றில் போடு, ஏன் என்று கேட்கமாட்டேன்.

நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு வழக்கம்போல நானே வருகிறேன். உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் கூட்டாளி,
பெர்னாட்