ஆளுக்குப் பாதி

ஜூன் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பாப்பா இருக்கிறாள். அதே வெளுப்பு, அதே தூக்கம். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். கொஞ்ச நாள் உதடு சிவக்கும், பிறகு விடிகாலை நிலா மாதிரி வெளிறிவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஓர் ஆராய்ச்சி டாக்டரம்மா வந்திருக்கிறார். பாப்பாவின் சோகை, சர்க்கரை, காது கேளாமை மூன்றுக்கும் வேர் ஒன்றுதானோ என்கிறார். "பரம்பரையா வர்றது, ரொம்ப அபூர்வம். பி1 வைட்டமின் நிறையக் குடுத்தா ரத்தம் தானா ஊறலாம்." இன்றே மாத்திரை ஆரம்பித்துவிட்டார். உறுதிசெய்ய உங்கள் ரத்தமும் வேண்டுமாம்.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது" என்றுதானே எங்களை விட்டுப் படியிறங்கினீர்கள்? அதை நிரூபிக்கவாவது கையை நீட்டுங்கள்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 19

அன்புள்ள உனக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டேன். நர்ஸ், "குழந்தைக்கா?" என்றார். தலையாட்டினேன்.

அடிக்கடி ஒரு கனவு. நம் வீடு தண்ணீருக்கடியில் இருக்கிறது. நாற்காலிகள் மெல்ல மிதக்கின்றன, பாப்பா மேஜைமேல் தூங்குகிறாள். யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

பாப்பாவின் அப்பா

ஆகஸ்ட் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. "பழுது உங்ககிட்ட பாதி, அவர்கிட்ட பாதி. தனித்தனியா யாரையும் ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சேர்ந்துதான் குழந்தைக்கு வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பஸ்ஸில் வழியெல்லாம் உங்களுக்காகத்தான் அழுதேன்.

மாத்திரை வேலை செய்கிறது. போன மாதம் ரத்தம் ஏற்றவில்லை, இன்சுலினும் குறைந்திருக்கிறது. நேற்று மாடிப்படியில் ஓடினாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. காது மட்டும் இனிக் கேட்காதாம்.

பாப்பாவின் அம்மா

ஆகஸ்ட் 11

அன்புள்ள உனக்கு,

பட்டறை வாசலில் நின்றபடியே படித்தேன். கையில் கிரீஸ், கடிதமெல்லாம் கறை. பாதி என்னுடையது என்று தெரியாமல் முழுவதையும் உன் தலையில் கட்டிவிட்டுப் போனேன். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

ஒருமுறை வந்து பார்க்கட்டுமா? வேண்டாமென்றால் பதில் போடாதே. புரிந்துகொள்வேன்.

நான்

ஆகஸ்ட் 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாருங்கள். ஞாயிறு நாலு மணிக்குப் பூங்காவில் இருப்போம். அவளைச் சட்டென்று அடையாளம் தெரியாது, கன்னமெல்லாம் நிறம்.

பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லையே என்று கலங்காதீர்கள். முன்னால் போய், அவள் உயரத்துக்குக் குனிந்து நில்லுங்கள். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.

பாப்பாவின் அம்மா