பைக்குள் இருந்த கோப்பை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் புதிய போதகர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். சபையைச் சிறு சிறு வீட்டுக்கூட்டங்களாகப் பிரித்திருக்கிறாராம். எங்கள் கூட்டம் வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் பின்னால் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில். வாசித்து முடித்தவர் கடதாசிக் கோப்பைப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "வீட்டுக்காரருக்குக் கழுவுற வேலை மிச்சம், ரீச்சர்" என்றார். நல்ல பிள்ளை, நல்ல எண்ணம்தான். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன் அதே வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னவள் நான். கேட்டுக்கொண்டிருந்த தோழி நீர்.

நீர் கண்மூடி மூன்று வருடமாகிறது. செத்த வீட்டுக்குக் கூட என்னால் வர முடியவில்லை. உம்மிடம் சொல்ல வேண்டிய ஒன்றை உயிரோடு இருக்கும்போதும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் அப்போது எங்கள் தேவாலயத்துக்குத் தகரக் கூரையும் இருப்பதற்குப் பன்னிரண்டு மர வாங்குகளும்தான் இருந்தன. நீர் வீட்டில் தையல் தைத்தீர். நான் வட்டக்கச்சிப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஒரே வயது, ஒரே வாங்கு. ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் எல்லோரும் சைக்கிளில் ஏறிப் போய்விடுவோம். ஒரு மாரியில் எங்களுக்கு முன் வாங்கில் இருக்கும் ஒரு தாய் மலேரியாவில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கிடந்திருக்கிறா. எலும்பும் தோலுமாக அவா திரும்பி வந்த அன்றுதான் எங்களுக்கே தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. நீர்தான் சொன்னீர்: "ஞாயிற்றுக்கிழமையிலை நாங்கள் ஆக்களின்ரை முதுகைத்தான் பாக்கிறம், ரீச்சர். முகத்தைப் பாக்கவேணுமெண்டால் வீட்டுக்குத்தான் போகவேணும்."

அப்படித்தான் வீட்டுக்கூட்டம் தொடங்கியது. எந்தக் கிழமை யார் வீடு என்று பட்டியல் போடுவது என் வேலை. பட்டியல் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம் என்பது உமக்குத் தெரியும். நீர் ஒரேயொரு நிபந்தனை போட்டீர். "பாடி, செபிச்சு, தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பிப் போறதெண்டால் நான் வரேல்லை. அடுத்த கிழமை ஆருக்கு என்ன செய்யப்போறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் எழும்பவேணும்." அதனால் பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்தோம். சபைக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு கிழவருக்கு வேலி அடைத்தோம். தென்னோலைக் கிடுகு கட்டத் தெரியாமல் நான் கட்டிய பக்கத்தை மாடு ஒரே நாளில் பிரித்துவிட்டது. நீர் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்தீர்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து வாய்க்கால் கரையில் குடியேறிய நான்கு குடும்பங்கள் கடைசி வாங்கில் வந்து இருப்பார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்க முன்னரே போய்விடுவார்கள். அவர்களை வழியில் மறித்துக் கூட்டத்துக்கு அழைத்தது நீர். அவர்களில் பாக்கியம் அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. எங்கள் வீடுகளில் எல்லாம் வாசலோரமாக இருந்து, எல்லோருக்கும் முந்திப் பாட்டைத் தொடங்குவா. என் பட்டியலில் அவா வீட்டு முறை வந்தது.

தேவாலய வாசலில் இரண்டு பெண்கள் என்னை மறித்தார்கள். "கூட்டத்துக்கு வாறம், ரீச்சர். ஆனா அங்கை கை நனைக்க மாட்டம்" என்றார்கள். சாதியை வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் நான் அவர்களை அதட்டவில்லை. ஆட்கள் கலைந்துவிடக் கூடாது, சண்டையும் வரக் கூடாது என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த ஞாயிறு எழும்பி அறிவித்தேன்: "இனிமேல் எல்லாரும் அவரவர் கோப்பையைக் கொண்டுவாங்கோ. தேத்தண்ணியை நான் பிளாஸ்கிலை கொண்டுவாறன். வீட்டுக்காரருக்குக் கழுவுற வேலை மிச்சம்." பலர் தலையாட்டினார்கள். நீர் என்னையே பார்த்தீர்.

பாக்கியம் முற்றத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தா. பின்னேர வெயிலில் பாய்கள் விரித்திருந்தன. செபம் முடிந்ததும் ஒரு தட்டத்தில் தேத்தண்ணியோடு வந்தா. எல்லாம் புதுக் கண்ணாடிக் கோப்பைகள். ஒன்றில் கடைக்காரர் ஒட்டிய கடதாசிகூட உரியவில்லை. என் பிளாஸ்கைக் கண்டதும் சிரித்தா.

"டீச்சர், நீங்க சொன்னதை நான் பெருசா எடுத்துக்கல. நம்ம வீட்டுக்கு வர்றவங்க கோப்பையைச் சுமந்துகிட்டா வருவாங்க?"

அப்போதுதான் பைகள் திறந்தன. ஒவ்வொரு கோப்பையாக வெளியே வந்தது. பாக்கியத்தின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தட்டத்தை ஏந்தியபடி அப்படியே நின்றா. வேதப்புத்தகத்தை வைப்பதற்காக நீரும் பையைத் திறந்தீர். உள்ளே உம்முடைய நீலக் கோப்பை இருந்ததை என் கண்ணால் கண்டேன். நீர் பையை மூடினீர்.

"நான் கொண்டுவர மறந்திட்டன், பாக்கியம். உங்கடையிலை ஒண்டு தாங்கோ."

ஆறுதலாக, ஒவ்வொரு மிடறாகக் குடித்தீர். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தீர். முன் வாங்குத் தாய் தன் கோப்பையைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினா. நான்? என் எனாமல் கோப்பையில் என் பிளாஸ்குத் தேத்தண்ணியைக் குடித்தேன். இதைத்தான் நான் உம்மிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கோப்பையில் வாய் வைக்க மனம் வரவில்லை. அந்த இரண்டு பெண்களின் மேல் பழியைப் போட்டு நான் ஒளிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நீர் கேட்டீர்: "ஆக்களைச் சேர்க்கத்தான் செய்தனீங்கள், எனக்குத் தெரியும். ஆனா ஆரை விட்டுப்போட்டு ஆரைச் சேர்க்கிறீங்கள்?"

அடுத்த ஞாயிறு கடைசி வாங்கு வெறுமையாக இருந்தது. நான்கு குடும்பமும் வரவில்லை. பிரசங்கத்தில் என்ன சொன்னார்களோ, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால் கரைக்குப் போனேன். பாக்கியம் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றா. என் வெறுங்கையைப் பார்த்தா.

"உங்க கோப்பை எங்க, டீச்சர்?"

"கொண்டுவரேல்லை. பிழை விட்டிட்டன். ஒரு தேத்தண்ணி தருவீங்களோ?"

உடனே தரவில்லை. மிச்சக் கன்றுகளுக்கும் தண்ணீர் விட்டு முடித்துத்தான் உள்ளே போனா. நான் வெயிலில் நின்றேன். அது எனக்குத் தேவைதான். பிறகு தந்தா, குடித்தேன், சீனி கொஞ்சம் கூடியிருந்தது. அடுத்த கிழமை அவர்கள் வந்தார்கள். இப்போது கடைசி வாங்கில் இல்லை. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி வழிக்கு வந்தா, மற்றவ கூட்டத்தையே விட்டுவிட்டா. அவவுக்காக நாங்கள் கோப்பை சுமக்கவில்லை.

என் எனாமல் கோப்பை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதில் பிறகு நான் ஒன்றும் குடித்ததில்லை, எறியவும் மனமில்லை. போதகர் தந்த கடதாசிக் கோப்பைப் பொதியையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போகிறேன். பொதி எங்கே என்று போதகர் கேட்பார். மறந்திட்டன் என்று சொல்வேன். பொய்தான். உம்மிடம் படித்த பொய்.