லீக் நின்னாச்சு

அன்புள்ள மகளுக்கு, அப்பா சொல்லிக்கொள்வது, இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா சொன்னது இதோடு சரி. எழுதுவது உன் தம்பி, ஏனென்றால் அந்த எல்லோரும் சுகத்தில் அவருடைய வலது கை சேராது அக்கா. பாம்பு கடித்துவிட்டது. பதறாதே, உயிருக்கு ஆபத்தில்லை. சின்னக் கீறல் என்று எழுதுடா என்கிறார், நான் எழுத மாட்டேன்.

பட்டறைக்குப் பின்னால் பழைய மோட்டார் குவியலில் வெறும் கையை விட்டிருக்கிறார், கையுறை ஆணியில் ஜம்மென்று தொங்குகிறது. விரியன், ஆள்காட்டி விரலில் ஒரே போடு. மனுஷன் கத்தவாவது வேண்டாமா? பம்ப் குழாய்க்கு மாட்டுகிற இரும்பு கிளாம்பை விரலில் மாட்டி ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிவிட்டு, லீக் நின்னாச்சு பாருடா என்று பெருமையாக நீட்டுகிறார், விரல் கத்தரிக்காய் நிறம். ரத்தம் போகாவிட்டால் விரலே அழுகிடும்ப்பா என்றால், உன் டிப்ளமோவில் பாம்புக்கும் பாடம் உண்டா என்று கேள்வி. டாக்டருக்குக் காட்ட அந்த விரியனை வேறு அடித்து என் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் மூடியைத் திறந்ததும் செத்த பாம்பு வாலை ஆட்டியது, காவலாளி மேஜைமேல் ஏறிவிட்டார். ஆளைக் கொண்டுவந்தா போதும், செத்த தலைகூடக் கடிக்கும் என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில்தான் அப்பா வாயை மூடினார். மருந்து ஏறத் தொடங்கியபின் கிளாம்பை மெதுவாகக் கழற்றினார்கள், அப்போதும் படுத்துக்கொண்டே, இடது பக்கம் திருப்பும்மா என்று நர்ஸுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். ஆனால் சோதனைக்குக் கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் உறையவே இல்லை, விஷம் இன்னும் முறியவில்லை என்றபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தரம் மருந்து ஏற்றியபிறகுதான் உறைந்தது. விரலைப் பற்றி மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை, பேனா பிடிக்கிற அளவுக்கு மடங்கினால் தப்பித்தது, இல்லையென்றால் எடுக்கணும் என்றார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிப் பிழைக்கிறவருக்கு அந்த விரல் போனால் என்ன மிச்சம் சொல்லு.

நீ செருப்பை உதறிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவள் இருக்கிற மாடிக்குப் பாம்பு லிஃப்டிலா வரும் என்றேன், முறைக்கிறார். நான் சொல்வது இதுதான், யாரைக் கடித்தாலும் கட்டாதே, கீறாதே, மோதிரத்தைக் கழற்று, கையை ஆட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. அந்த டப்பாவை அம்மா தூக்கி எறிந்துவிட்டாள், வரும்போது ஒன்று வாங்கி வா. நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு என்று இரண்டு பேரும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். பொறு, பேனாவைப் பிடுங்குகிறார், அந்த வலது கையாலேயே

சின்னக் கீறல்தாம்மா.
அப்பா