பத்துக்கு எத்தனை

மார்ச் 4

குடலிறக்கத்துக்கு அறுவை முடிந்து நான்கு மாதம். தையல் ஆறிவிட்டது. வலது இடுப்போரம் மட்டும் ஒரு படை கூடாரம் அடித்திருக்கிறது, குதிரைகளோடு. வலி மருத்துவர் ஒரு தாள் கொடுத்தார். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டுமாம். பத்தாயிரம் என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பள்ளியில் எனக்கு நாலைத் தாண்டி யாரும் போட்டதில்லை. என் வலியாவது தேறட்டும் என்று ஒன்பது போட்டேன்.

மார்ச் 5

ஒன்பது.

மார்ச் 9

நிஜத்தில் ஆறு. இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆறு என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நாற்காலியை விட்டு எழும்போது அலறினேன். அக்கா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. அவள் மகள் சொன்னாள்: “எறும்பு கடிச்சப்பவும் இதே சத்தம்தான் மாமா.”

நியாயம்தான். அந்த எறும்பு ஆட்டுக்குட்டி சைஸ் என்று சொன்னவன் நானே.

மார்ச் 12

கிடங்கிலிருந்து மேலாளர் பேசினார். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள். வலிக்கு என்ன காரணம் என்று மருத்துவர் எழுதித் தந்தால் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவாராம். இருபது வருடம் முதுகில் பீரோ சுமந்திருக்கிறேன். வானம் வரைக்கும் மாடி கட்டியிருந்தால் அங்கேயும் ஒன்றை இறக்கியிருப்பேன்.

இப்போது கால்சட்டை மாட்டவே உட்கார வேண்டியிருக்கிறது.

மார்ச் 18

ஊசி போட்டார்கள். குளிர்ந்த பசையைத் தடவி, என் உள்விவகாரங்களைத் திரையில் பார்த்தபடி, இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் நரம்பை மரத்துப்போகச் செய்தார்கள். மருத்துவர் ஏதோ நீளமாக விளக்கினார். நான் நர்ஸிடம் எறும்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மணிக்கொரு தரம் எண் எழுத வேண்டும் என்பது மட்டும் காதில் விழுந்தது.

அரை மணியில் வலி போய்விட்டது. ஒரு துளி இல்லை. மருத்துவமனைப் படிகளில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினேன். அழுகை வந்தது — ஏன் என்று தெரியவில்லை.

அப்புறம் பயம். பூஜ்யம் என்று எழுதினால்? குணமாகிவிட்டது, போய் பீரோவைத் தூக்கு என்பார்களே. ஒன்பது எழுதினேன். அடுத்த மணிக்கும் ஒன்பது. பிறகு நம்பும்படியாக ஒரு எட்டு.

சாயங்காலம் குதிரைகள் திரும்பி வந்தன.

மார்ச் 25

தாளைப் பார்த்தார் மருத்துவர். “ஊசிக்கும் குறையலன்னா அந்த நரம்பு காரணமில்ல. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. நான் என்னன்னு எழுதித் தரது?”

அடப்பாவி. அது மருந்தே இல்லை, சோதனை! வலி போயிருந்தால் அந்த நரம்புதான் என்று பிடித்து அதற்கு வைத்தியம் பார்த்திருப்பார். உண்மையைச் சொன்னேன். உளறினேன் என்றே சொல்லலாம். அவர் பேனாவை மூடினார்.

“இப்ப சொல்றத நம்பவா, எழுதினத நம்பவா?”

மறுபடி ஊசி ஜூலையில்தான். அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அதுவரை எண்ணை நான் எழுதக் கூடாதாம். வீட்டில் யாராவது என்னைப் பார்த்து எழுத வேண்டுமாம்.

மார்ச் 26

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீ எது சொன்னாலும் பாதியக் கழிச்சுத்தான்டா கேப்பேன்,” என்றாள். “இதையும் கழிச்சிட்டேனே.”

மார்ச் 31

கிடங்குக்குப் புது ஆள் வந்துவிட்டான்.

ஏப்ரல் 9

அக்கா குளிக்கப் போனபோது, என் எண்ணை அவள் எழுதும் நோட்டைத் திறந்து பார்த்தேன். நேற்றைய தேதியில்:

ஏழு. செருப்பு மாட்ட சுவரைப் பிடித்துக்கொண்டான். மாடிக்கு வரும்போது மூன்றாம் படியில் நின்றுவிட்டான். “என்ன கதை மாமா?” என்று மகள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். நாள் முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

இருந்த இடத்திலேயே நோட்டை வைத்தேன்.

ஏழுதான்.