காற்று விளக்கு

1994 மார்ச் 6
பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள்மூட்டு கழன்றுவிட்டது. இன்றும் ஒன்றுமில்லை. மின்பொறி மட்டும் டப் டப்பென்று வெடிக்கிறது.

கல்லூரி ஆய்வுகூடம் கழித்துவிட்ட நிலைமின் இயந்திரம் இது. இரண்டு கண்ணாடித் தட்டு, ஒரு கைப்பிடி. போரால் கரண்ட் நின்றுபோன ஊரில் கையால் உயர் அழுத்த மின்சாரம் எடுக்க இதை விட்டால் வேறு வழியில்லை. தேயிலைப் பெட்டியின் உள் ஈயத்தாளையும் பொலித்தீனையும் அடுக்கி, மின்னைச் சேர்த்துவைக்கக் கொள்ளளவி செய்தேன். மேலே இரண்டு அலுமினியச் சட்டம், விளிம்போடு விளிம்பு. இடையில் வெறும் காற்று. லேசர் உண்டாக்க அது போதும் என்று உயர்தர வகுப்புக்கு எத்தனை வருடம் கரும்பலகையில் கீறியிருப்பேன்! கண்ணால் கண்டதில்லை. சாவதற்குள் ஒருமுறை காண வேண்டும்.

மார்ச் 9
காற்றில் பெரும்பங்கு நைதரசன். இலேசில் அசையாத சாதி. மெதுவாகத் தட்டினால் பயனில்லை. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் சில பங்குக்குள் மின்சாரம் பாய்ந்துவிட வேண்டும். அப்போதுதான் மூலக்கூறுகள் ஒரே மூச்சில் அருட்டப்பட்டுக் கிளர்ந்து, வாங்கியதை ஒரே மூச்சில் வெளிச்சமாகத் திருப்பித் தரும். சுணங்கினால் எல்லாம் பாதி வழியில் படுத்துவிடும்.

அந்த வெளிச்சமும் ஊதா கடந்தது, கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் பட்டால் நீலமாக மினுங்குமாம். பொறியின் வெளிச்சத்தைத் தகரத்தால் மறைத்து, கொட்டில் வாசலில் என் வேட்டியைத் தொங்கவிட்டேன். இருட்டு. இருட்டேதான்.

மார்ச் 13
பொழுதுபட்ட பிறகு சுழற்றத் தொடங்கினால் போதும், வேலிக்கு அங்கால் இருந்து தடியால் வேலியில் அடி விழுகிறது. வேறு யார்? என் கூடப்பிறந்த இராசநாயகம்தான். அம்மாவின் அந்தியேட்டிச் சடங்கன்று கிணற்றுப் பங்கில் தொடங்கிய சண்டை. அதன்பின் முகம் பார்த்ததில்லை. அந்தாள் கிணற்றடியில் நின்றால் நான் வாளியோடு வேலிக்குப் பின்னால் காத்திருப்பேன். நான் நின்றால் அந்தாள்.

இன்று கொடியில் அந்தாளின் வேட்டி கொக்கு மாதிரி வெளேரெனக் காய்ந்தது. சவர்க்காரம் காணாத இந்தக் காலத்திலும் பவுசுக்குக் குறைவில்லை!

மார்ச் 20
இன்று ஒரு மனிதரோடும் கதைக்கவில்லை. பூனையை ஏசினேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2
சட்டங்களை இன்னும் நெருக்கினேன். தட்டுகளைத் தணலில் காட்டி ஈரம் போக்கினேன். சில நேரம் துணியில் ஏதோ தெரிவதுபோல் இருக்கிறது. இருக்கிறதா? பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கேட்கலாம், உமக்கும் தெரியுதோ என்று. எனக்கு வாய்த்தது இந்த இரண்டு கண்தான். விசர் பிடிச்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

ஏப்ரல் 10
அந்தாள் வந்தார். இல்லை, அண்ணை வந்தார்.

நான் சுழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் தொங்கிய என் துணியைத் தள்ளிவிட்டு நின்று கத்தினார். "மனிசன் கை கடுக்கச் சைக்கிள் டைனமோவைச் சுத்தி லண்டன் செய்தி கேக்க, நீ ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வெடி போடுறாய்! ஒரு மாசமா ரேடியோ கறகறக்குது. வேலியிலை அடிச்சும் விளங்கேல்லையோ உனக்கு?"

பொறி வெடித்தால் வானொலி இரையும். படிப்பித்தவன் நான்! ஆனால் அதிர்ச்சியில் என் கை நிற்கவில்லை. அவருடைய குரல்தான் நின்றது.

"உதென்னடா என்ரை வேட்டியிலை?"

முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு நீலப் பொட்டு. பொறிக்கொரு மினுக்கம். கையால் தட்டிப் பார்த்தார், போகவில்லை.

"அண்ணை, அசையாதேங்கோ!"

"சுடாதோ?"

"சுடாது. உங்களுக்கும் நீலமாத் தெரியுதோ?"

"ஓமடா, தெரியுது."

அழுதுவிட்டேன். நல்லவேளை, இருட்டு. லண்டன் செய்தி முடிகிற நேரம் தாண்டியும் அண்ணை அசையாமல் நின்றார்.

ஏப்ரல் 11
என் மடத்தனம் இன்றுதான் விளங்கியது. நீலமாக மினுங்குவது துணியல்ல, சலவைத் தூளில் இருக்கும் வெளுப்புச் சாயம். கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராய் இருந்த அண்ணை, பொருளாதாரத் தடை வருமுன் வாங்கிய தூளைச் சிக்கனமாகப் பாவிக்கிறார். நான் பனங்காய்க் காலத்தில் பனங்காயிலும் மற்றக் காலத்தில் சாம்பல் தண்ணீரிலும் தோய்ப்பவன். என் துணியில் ஏது சாயம்? வெளிச்சம் முதலிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிடிக்கத்தான் துணி இல்லை.

ஜூன் 26
செய்தி நேரத்தில் நான் அவருடைய சைக்கிளைச் சுழற்றுகிறேன். செய்தி முடிய அவர் என் இயந்திரத்தைச் சுழற்றுகிறார். "காற்று விளக்கு" என்று பெயரும் வைத்துவிட்டார். கிணற்றடியில் ஒரே வாளி.

1995 நவம்பர் 19, மீசாலை
ஆமி நெருங்க, வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று மழை. இயந்திரத்தின் தட்டுகளைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினோம். "உந்த மிசினை விட்டிட்டு வரேலாது" என்று பிடிவாதம் பிடித்தவர் அண்ணைதான். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் சாக்குக்குள் கண்ணாடி நொறுங்கியது. அந்த இரைச்சலில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பள்ளிக்கூட விறாந்தையில் எங்களுக்கு ஒரு பாய் அகல இடம். அண்ணை அன்றிலிருந்து இடுப்பில் கட்டிய ஊத்தைச் சாரத்தோடுதான் திரிகிறார். வேட்டி ஒன்றும் கொண்டுவரவில்லையோ என்று இன்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினார். பொலித்தீனில் சுற்றி, மடிப்புக் குலையாமல், ஒரு வெள்ளை வேட்டி.

"கட்டினா ஊத்தையாகும். இஞ்சை சாம்பலிலை தோய்ச்சா உன்ரை வெளிச்சம் பிறகு பிடிக்காது. திரும்பிப் போய்ப் பாக்க ஒரு துணி வேணுமெல்லோ?"

தட்டுகள் நொறுங்கியதைச் சொல்ல வாயெடுத்தேன். பையை மூடிக் கொடுத்தேன். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் பக்கத்தில்தானே இருப்பார்.